ஆலை வேலைகள் அமெரிக்காவுக்குத் திரும்ப எது வழி? இறக்குமதி வரி, மானியம், தொழிலாளர் பயிற்சி: ஓர் ஒப்பீடு

1993 நவம்பரில் கனடா, மெக்சிகோவுடனான வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அதை ஆதரித்த 234 பேரில் 132 பேர் குடியரசுக் கட்சியினர். ஜனநாயகக் கட்சி அதிபரான பில் கிளிண்டனே முன்னின்று ஆதரவு திரட்டியும், அவருடைய கட்சி உறுப்பினர்களில் 102 பேர் மட்டுமே இசைந்தனர். 156 பேர் எதிர்த்து வாக்களித்தனர். 2000 மே மாதம் சீனாவுக்கு நிலையான வணிக உறவுத் தகுதி வழங்கும் சட்ட முன்வரைவிலும் அணிவகுப்பு இப்படியே இருந்தது: ஆதரித்த 237 பேரில் குடியரசுக் கட்சியினர் 164 பேர், ஜனநாயகக் கட்சியினர் 73 பேர். அந்த இரண்டு முடிவுகளும் ஆலைத் தொழிலாளர்களுக்கு இழைத்த துரோகம் என்று இன்று உரத்த குரலில் சொல்வது குடியரசுக் கட்சி. ஆலைகளுக்கு அரசுப் பணம் கொடுத்து அவற்றைத் திரும்ப வரவழைப்போம் என்று 2022இல் பெரும் சட்டங்களை இயற்றியது ஜனநாயகக் கட்சி. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு இடம் மாறியிருக்கும் நிலையில், எந்தக் கட்சி முன்வைத்தது என்பதைக் கொண்டு ஒரு திட்டத்தை எடைபோடுவதில் பொருளில்லை. திட்டத்தைத் திட்டமாகவே எடைபோட வேண்டும்.

அப்படி எடைபோட மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வேலையை உருவாக்க யார் எவ்வளவு பணம் தருகிறார்கள்? அந்த வேலை எத்தனை ஆண்டுகள் நிலைக்கும்? பழைய ஆலை மூடப்பட்டதால் வேலை இழந்தவருக்கோ அவருடைய ஊருக்கோ அது கிடைக்கிறதா? மூன்றாவது கேள்விதான் எனக்கு முதன்மையானது. தேர்தல் மேடைகளில் வாக்குறுதி தரப்படுவது அந்தத் தொழிலாளரின் பெயரால்தான். பொருளியல் விவாதங்களில் முதலில் மறக்கப்படுபவரும் அவரே.

இழந்தது எவ்வளவு, எதனால்

அமெரிக்காவின் உற்பத்தித் துறையில் வேலை செய்தோர் எண்ணிக்கை 1979 ஜூனில் ஏறத்தாழ 1.95 கோடியாக உச்சம் தொட்டது. 2000ஆம் ஆண்டில் அது 1.73 கோடி அளவில் இருந்தது. அடுத்த பத்தே ஆண்டுகளில் 58 லட்சம் வேலைகள் போய், 2010 தொடக்கத்தில் 1.15 கோடிக்கும் சற்றுக் கீழே வந்து நின்றது. அதன்பின் மெல்ல ஏறி, அண்மை ஆண்டுகளில் 1.25 கோடிக்கும் 1.3 கோடிக்கும் இடையில் நிற்கிறது. 1979இல் வேளாண்மைக்கு வெளியே இருந்த வேலைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் ஆலை வேலையாக இருந்தது. இன்று அது பன்னிரண்டில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இந்தச் சரிவுக்கு இயந்திரமயமாதல் காரணமா, இறக்குமதி காரணமா என்ற வாதம் நீண்டகாலமாக நடக்கிறது. இரண்டும் காரணங்களே, ஆனால் அவை வேலை செய்த விதம் வேறு. ஒரு டன் எஃகு உருக்க 1980 வாக்கில் பத்து மணி நேர உழைப்புத் தேவைப்பட்டது. இன்று இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகப் போதுகிறது. இது பல பதிற்றாண்டுகளில், நாடெங்கும் பரவலாக நடந்த மாற்றம். 2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்ததை ஒட்டி வந்த இறக்குமதி வெள்ளமோ சில ஆண்டுகளுக்குள், அறைகலன், துணி, மின்கருவி போன்ற தொழில்களை மட்டுமே நம்பியிருந்த ஊர்களின் மீது மொத்தமாக இறங்கியது. 1999க்கும் 2011க்கும் இடையில் அந்தப் போட்டியால் 20 முதல் 24 லட்சம் வேலைகள் போயின என்று டேவிட் ஆட்டோர் உள்ளிட்ட பொருளியலாளர்கள் கணக்கிட்டனர். 58 லட்சத்தோடு ஒப்பிட்டால் அது பாதிக்கும் குறைவு. அவர்களின் ஆய்வில் எண்ணிக்கையைவிட முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. வேலை இழந்தவர்கள் வேறு ஊருக்கோ வேறு தொழிலுக்கோ எளிதில் மாறிவிடுவார்கள் என்று பாடநூல்கள் சொன்னது நடக்கவில்லை. அடிபட்ட ஊர்கள் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் குறைந்த கூலியோடும் கூடுதலான உதவித்தொகைச் சார்போடும் அப்படியே கிடந்தன.

ஒஹாயோ மாநிலத்தின் மஹோனிங் பள்ளத்தாக்கு இந்தக் கதை முழுவதையும் தனக்குள் வைத்திருக்கிறது. 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமையன்று யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் தன் கேம்ப்பெல் ஆலையை மூடுவதாக அறிவித்தது. ஏறத்தாழ 5,000 பேர் வேலை இழந்தனர். அந்த நாளைக் கறுப்புத் திங்கள் என்றே அங்கே இன்றும் சொல்கிறார்கள். சீனா உலகச் சந்தைக்குள் வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன் நடந்தது அது. பக்கத்து ஊரான லார்ட்ஸ்டவுனில் 1966இல் திறக்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை அதன்பின்னும் அப்பகுதியைத் தாங்கி நின்றது. 2017 ஜூலையில் யங்ஸ்டவுன் கூட்டத்தில் பேசிய அதிபர் டிரம்ப், வேலைகள் எல்லாம் திரும்பி வருகின்றன, வீடுகளை விற்காதீர்கள் என்றார். 2019 மார்ச்சில் அந்தக் கார் ஆலையில் கடைசிக் கார் ஓடி முடிந்தது. கீழே வரும் வழிகள் ஒவ்வொன்றையும் இந்தப் பள்ளத்தாக்கின் கண்கொண்டு பார்க்கவே விரும்புகிறேன்.

கட்சிகள் எண்ணும் முறை

வழிகளை ஒப்பிடுமுன் கட்சிகள் நீட்டும் கணக்குகளை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. ஒபாமா ஆட்சியை 2009 ஜனவரியிலிருந்து எண்ணினால் எட்டு ஆண்டுகளில் ஆலை வேலை குறைந்தது. 2010 தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஒன்பது லட்சத்துக்கு அருகில் கூடியது. டிரம்பின் முதல் ஆட்சியில் 2019 வரை நாலு லட்சத்துக்கும் மேல் கூடியது. 2020 ஏப்ரலில் பெருந்தொற்று ஒரே மாதத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் வாரிக்கொண்டு போனது. பைடன் தம் ஆட்சியில் உருவானதாகச் சொன்ன வேலைகளில் பெரும்பகுதி அப்படிப் போனவை மீண்டு வந்ததே. தொடக்க மாதத்தைத் தேர்ந்தெடுப்பவர் விடையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார். மக்களின் மனநிலையும் இதற்கு விலக்கில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் மாதந்தோறும் எடுக்கும் நுகர்வோர் மனநிலைக் கணிப்பில், 2016, 2020, 2024 தேர்தல்கள் ஒவ்வொன்றுக்கும் பின் வென்ற கட்சியின் ஆதரவாளர்களுக்குப் பொருளாதாரம் திடீரென நன்றாகத் தெரிந்தது, தோற்ற கட்சியினருக்கு மோசமாகத் தெரிந்தது. விலையிலோ கூலியிலோ அந்தச் சில வாரங்களில் அத்தகைய மாற்றம் எதுவும் நிகழவில்லை.

முதல் வழி: இறக்குமதி வரி

வெளிநாட்டுப் பொருளின் விலையை வரியால் உயர்த்தினால் உள்நாட்டு ஆலைக்கு இடம் கிடைக்கும் என்பதே இதன் அடிப்படை. இதை ஆதரிப்போர் சுட்டும் மிகச் சிறந்த சான்று 1980களின் கார்த் தொழில். 1981இல் ரீகன் அரசின் அழுத்தத்தால் ஜப்பான் தன் கார் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சமாகத் தானே கட்டுப்படுத்திக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஹோண்டா ஒஹாயோவின் மேரிஸ்வில்லிலும், நிசான் டென்னசியின் ஸ்மர்னாவிலும், டொயோட்டா கென்டக்கியின் ஜார்ஜ்டவுனிலும் ஆலை கண்டன. இந்தச் சான்றைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹோண்டா தன் கார் ஆலையை அறிவித்தது 1980 ஜனவரியில், கட்டுப்பாடு வருவதற்கு முன்பே. மேலும் அந்த ஆலைகள் எழுந்தது பெரும்பாலும் தொழிற்சங்கம் வலுவாக இல்லாத ஊர்களில்; கட்டுப்பாட்டுக்காகக் குரல் கொடுத்த, டெட்ராய்ட், ஃபிளின்ட் ஆகிய பழைய கார் நகரங்களின் தொழிலாளர்களுக்கு அந்த வேலைகள் போய்ச் சேரவில்லை. ஆலை நாட்டுக்குள் வந்தது உண்மை. இழந்தவருக்கு வந்ததா என்ற என் மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை சாதகமாக இல்லை.

2018இல் நடந்தது மேலும் தெளிவாக அளக்கப்பட்டிருக்கிறது. அவ்வாண்டு ஜனவரியில் சலவை இயந்திர இறக்குமதிக்குத் தற்காப்பு வரி விதிக்கப்பட்டது. ஒஹாயோவின் கிளைட் நகரில் ஆலை வைத்திருக்கும் வேர்ல்பூல் நிறுவனம் கேட்டுப் பெற்ற பாதுகாப்பு அது. சலவை இயந்திரங்களின் விலை ஏறத்தாழ 12 விழுக்காடு ஏறியது. வரியே விதிக்கப்படாத துணி உலர்த்தும் இயந்திரங்களின் விலையும் கூடவே ஏறியது, ஏனெனில் அமெரிக்கர்கள் இரண்டையும் இணையாக வாங்குவது வழக்கம், விற்பவர்கள் உயர்வை இரண்டின்மீதும் பிரித்துப் போட்டனர். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், சிகாகோ பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த பொருளியலாளர்கள் கணக்கிட்டபோது, உருவான வேலைகள் 1,800 அளவில் இருந்தன. நுகர்வோர் சுமந்த கூடுதல் செலவு ஆண்டுக்கு 150 கோடி டாலர். வரியாக அரசுக்கு வந்த தொகையைக் கழித்தபின், ஒரு வேலைக்கு ஆண்டுக்கு 8.15 லட்சம் டாலர். இந்தத் தொகையைச் செலுத்தியவர்களில் மஹோனிங் பள்ளத்தாக்கின் குடும்பங்களும் உண்டு. எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இது பதிவாகாததால் யாரும் இதற்குப் பொறுப்பேற்கவும் வேண்டியிருக்கவில்லை.

எஃகு வரியில் சிக்கல் வேறு வகையானது. அமெரிக்கா இறக்குமதி செய்யும் பொருள்களில் ஏறத்தாழ பாதி, அங்குள்ள ஆலைகளே மூலப்பொருளாகவும் உதிரிபாகங்களாகவும் இயந்திரங்களாகவும் வாங்குபவை. எஃகு உருக்கும் ஆலைகளில் ஒரு லட்சம் பேர்கூட வேலை செய்வதில்லை. எஃகை வாங்கி வளைத்து, வெட்டி, பற்றவைத்துப் பொருள் செய்யும் தொழில்களில் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். முன்னவருக்குக் கிடைக்கும் விலை உயர்வைப் பின்னவர் கட்ட வேண்டும். 2018இன் வரிகளை ஆராய்ந்த ஃபெடரல் ரிசர்வின் இரு பொருளியலாளர்கள், பாதுகாப்பால் கிடைத்த சிறு ஆதாயத்தை மூலப்பொருள் விலையேற்றமும் பிற நாடுகளின் பதிலடி வரிகளும் விஞ்சிவிட்டன, மொத்தத்தில் உற்பத்தி வேலை குறைந்தது என்ற முடிவுக்கே வந்தனர். சீனா அமெரிக்கச் சோயாவுக்குப் பதிலடி வரி விதித்ததும், உழவர்களுக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் ஈட்டுத்தொகை வழங்க வேண்டியதாயிற்று. மானியத்துக்கு மாற்றாகச் சொல்லப்பட்ட வழி, தானே ஒரு மானியத்தில் போய் முடிந்தது.

2025இல் வரி அகலமானது. ஏப்ரல் 2 அன்று ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் வரி அறிவிக்கப்பட்டது. ஒரே வாரத்தில் பெரும்பகுதி 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. சீனாவுக்கு 145 விழுக்காடு வரை ஏறியது மே மாதம் 30 விழுக்காட்டுக்கு இறங்கியது. எஃகு வரி மார்ச்சில் 25, ஜூனில் 50 என இரட்டிப்பானது. இருபது ஆண்டுகள் ஓட வேண்டிய ஆலைக்கு இடம் பார்க்கும் ஒருவர் இந்த எண்களில் எதை நம்பிக் கணக்குப் போடுவார்? வரியின் அளவைவிட அதன் நிலையாமை முதலீட்டுக்குப் பெரிய கேடு என்று நான் கருதுவது இதனால்தான். அவ்வாண்டு ஆலை வேலை எண்ணிக்கை கூடவில்லை, சற்றே குறைந்தது. இந்தியப் பொருள்களுக்கு ஆகஸ்டில் விதிக்கப்பட்ட 50 விழுக்காடு வரி திருப்பூரின் பின்னலாடை ஆலைகளை எப்படி உலுக்கியது என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். திருப்பூரில் நின்றுபோன தையல் வேலை ஒஹாயோவுக்குப் போகவில்லை. அந்தக் கொள்முதல் ஆணைகளுக்குப் போட்டியிட்டவை வங்கதேசமும் வியட்நாமும்.

வரிக்கு எங்கும் இடமில்லை என்று சொல்ல மாட்டேன். உலக எஃகில் பாதிக்கும் மேலானதைச் சீனா உருக்குகிறது. அதன் அரசு தாங்கும் மிகை உற்பத்தி செலவுக்கும் குறைந்த விலையில் வெளியே கொட்டப்படும்போது, திறமையான ஆலைகூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அத்தகைய குறிப்பிட்ட பொருளுக்கு, முன்கூட்டியே அறிவித்த காலவரம்போடு விதிக்கும் வரி நியாயமானது. டிரம்ப் விதித்த சீன வரிகளைப் பைடன் நீக்காமல் வைத்துக்கொண்டதும், 2024 மே மாதம் சீன மின்கார்களுக்கான வரியை 100 விழுக்காடாக உயர்த்தியதும், இந்த எல்லைவரை இரு கட்சிகளும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டுகின்றன.

இரண்டாம் வழி: அரசு மானியம்

2022 ஆகஸ்டில் இரண்டு சட்டங்கள் ஒரு வார இடைவெளியில் கையெழுத்தாயின. சிப்ஸ் சட்டம் குறைகடத்தி (மின்னணுச் சில்லு) ஆலைகளுக்கு 3,900 கோடி டாலர் நேரடி உதவியும் முதலீட்டில் 25 விழுக்காடு வரிக்கழிவும் தந்தது. அதற்கு மேலவையில் 17 குடியரசுக் கட்சியினர் வாக்களித்தனர். பணவீக்கக் குறைப்புச் சட்டம் பேட்டரி, சூரியத் தகடு, மின்கார் ஆகியவற்றை உள்நாட்டில் செய்வோருக்கு வரிக்கழிவு தந்தது. அதற்கு அக்கட்சியில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. ஆலைக் கட்டுமானத்துக்கு ஆண்டுக்கு 8,000 கோடி டாலர் அளவில் செலவிட்டுக்கொண்டிருந்த நாடு, 2024இல் அதன் மூன்று மடங்குக்கு அருகில் செலவிட்டது. எந்த வரியும் இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு அஸ்திவாரம் தோண்ட வைத்ததில்லை.

வேலை என்று வரும்போது கணக்கு அவ்வளவு இனிமையாக இல்லை. அரிசோனாவின் ஃபீனிக்ஸில் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் மூன்று ஆலைகள் கட்ட 660 கோடி டாலர் உதவி ஒதுக்கப்பட்டது. அப்போது சொல்லப்பட்ட நேரடி உற்பத்தி வேலைகள் ஏறத்தாழ 6,000. வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு 11 லட்சம் டாலர், வரிக்கழிவைச் சேர்க்காமலே. சலவை இயந்திர வரியின் 8.15 லட்சத்தைவிட இது அதிகம் என்று தோன்றலாம். ஆனால் அது ஆண்டுதோறும் செலுத்த வேண்டியது, இது ஒருமுறை. இரண்டுமே, வேலை உருவாக்கம் என்று மட்டும் பார்த்தால், மிக விலையுயர்ந்தவை. குறைகடத்தி உதவிக்கு உண்மையான நியாயம் தைவான் நீரிணையில் போர் மூண்டால் உலகின் மிக நுட்பமான சில்லுகள் கிடைக்காமல் போகும் என்ற அச்சம். அது போதுமான நியாயம். அதை வேலைவாய்ப்புத் திட்டமாக மேடையில் விற்றதுதான், வாக்காளர்கள் வேலையை எண்ணிப் பார்த்து ஏமாறக் காரணமாயிற்று.

காலமும் இங்கே பேச வேண்டிய ஒன்று. டிஎஸ்எம்சி தன் முதல் அரிசோனா ஆலையை அறிவித்தது 2020 மே மாதம், டிரம்ப் ஆட்சியில். உதவி கிடைத்தது பைடன் ஆட்சியில். முதல் ஆலையில் உற்பத்தி தொடங்கியது 2024 இறுதியில், மறுபடி டிரம்ப் பதவியேற்கும் வேளையில். கருவிகளைப் பொருத்தத் தெரிந்த தொழிலாளர் போதவில்லை என்று நிறுவனம் சொல்லித் தைவானிலிருந்து ஆட்களை அழைத்தபோது, உள்ளூர்த் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2023 இறுதியில்தான் உடன்பாடு ஏற்பட்டது. ஒஹாயோவின் கொலம்பஸ் அருகே இன்டெல் 2022 ஜனவரியில் அறிவித்த 2,000 கோடி டாலர் ஆலையோ, 2030 அல்லது 2031இல்தான் இயங்கும் என்று தள்ளிப்போய்விட்டது. 3,000 வேலைகளுக்காகக் காத்திருக்கும் ஒஹாயோ இளைஞர்கள் அதற்குள் இரண்டு அதிபர் தேர்தல்களைக் கடந்திருப்பார்கள்.

மஹோனிங் பள்ளத்தாக்கில் இந்த வழி வந்து சேர்ந்தது அல்டியம் பேட்டரி ஆலையாக. ஜெனரல் மோட்டார்ஸும் கொரியாவின் எல்ஜியும் சேர்ந்து, மூடிய கார் ஆலைக்கு அருகிலேயே கட்டிய அந்த ஆலை 2022இல் உற்பத்தியைத் தொடங்கியது. நிறுவனத்தின் பேட்டரி ஆலைகளுக்கு எரிசக்தித் துறை 250 கோடி டாலர் கடன் தந்தது. தொடக்கக் கூலி மணிக்கு 16.50 டாலர், கார் ஆலையில் அனுபவமுள்ள தொழிலாளி பெற்றதில் ஏறத்தாழ பாதி. திரும்பி வந்த வேலை போன வேலைக்கு ஈடாகவில்லை என்பதே அங்கே முதல் இரண்டு ஆண்டுகளின் உண்மை. அதைச் சரிசெய்தவர்கள் தொழிலாளர்களே. 2022 டிசம்பரில் 710 பேர் ஆதரித்தும் 16 பேர் எதிர்த்தும் வாக்களித்துக் கார்த் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தனர். 2024 ஜூனில் ஏற்பட்ட ஒப்பந்தம் கூலியை 30 டாலருக்கு மேல் கொண்டுபோகும் பாதையை அமைத்தது. உற்பத்தித் துறையில் தொழிற்சங்க உறுப்பினர்கள் 8 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கும் இக்காலத்தில், ஆலை வேலை என்றாலே நல்ல வேலை என்று நாம் எண்ணிக்கொள்வது பழைய நினைவு. அந்த நன்மை இயந்திரத்திலிருந்து வரவில்லை, ஒப்பந்தத்திலிருந்து வந்தது. மானியம் கொடுக்கும்போதே கூலிக்கும் சங்க உரிமைக்கும் நிபந்தனை வைத்திருந்தால் அந்த இரண்டு ஆண்டுகளின் இழுபறி தேவைப்பட்டிருக்காது.

பிறகு அரசியல் மாறியது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், மின்கார் வாங்குவோருக்கான 7,500 டாலர் வரிக்கழிவைச் செப்டம்பர் 30 உடன் முடித்துவைத்தது. குறைகடத்திக்கான வரிக்கழிவை மட்டும் 35 விழுக்காடாக உயர்த்தியது. அக்டோபரில், அந்தப் பள்ளத்தாக்கின் பேட்டரி ஆலையில் 2026 தொடக்கத்திலிருந்து சில மாதங்களுக்கு உற்பத்தி நிறுத்தப்படும், நூற்றுக்கணக்கானோர் வேலையிலிருந்து விலக்கப்படுவர் என்ற அறிவிப்பு வந்தது. பணவீக்கக் குறைப்புச் சட்டத்தால் வந்த முதலீடுகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது குடியரசுக் கட்சித் தொகுதிகளுக்கே. 2024 ஆகஸ்டில் அக்கட்சியின் 18 பிரதிநிதிகள் அதை முழுமையாக நீக்க வேண்டாம் என்று தங்கள் அவைத் தலைவருக்கு எழுதினார்கள். அதுவும் போதவில்லை. ஒரே கட்சியின் வாக்கில் பிறந்த சட்டம் மறு கட்சியின் வாக்கில் முடங்கும் என்பதை முன்னரே எதிர்பார்த்திருக்க வேண்டும்.

மானியத்துக்கும் குடியேற்றக் கொள்கைக்கும் உள்ள முரண்பாடு ஜார்ஜியாவில் வெளிப்பட்டது. 2025 செப்டம்பரில் ஹூண்டாயும் எல்ஜியும் கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலையில் குடியேற்றத் துறை நடத்திய சோதனையில் 475 பேர் பிடிபட்டனர். அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் கொரியர்கள். ஒரு நாடு இழந்த தொழிலைத் திரும்பக் கற்க வேண்டுமானால் தெரிந்தவர்கள் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கான விசா ஏற்பாட்டை அரசு முன்னதாகவே செய்திருக்க வேண்டும்.

மாநிலங்கள் தமக்குள் ஏலம் போட்டு ஆலைகளை இழுப்பதும் இந்த வழியின் ஒரு கிளைதான். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் விஸ்கான்சினின் மவுன்ட் பிளசன்டில் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று ஃபாக்ஸ்கான் அறிவிக்க, மாநிலம் ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகை தர முன்வந்தது. 2021இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது அது 67.2 கோடி டாலர் முதலீடாகவும் 1,454 வேலையாகவும் சுருங்கியிருந்தது. ஒரு நன்மை: சலுகை வேலையோடு பிணைக்கப்பட்டிருந்ததால் மாநிலத்தின் கடப்பாடும் 8 கோடி டாலராகக் குறைந்தது. நிலம் கையகப்படுத்தியும் சாலை போட்டும் உள்ளாட்சி செய்த செலவு குறையவில்லை.

மூன்றாம் வழி: தொழிலாளரும் சிற்றாலைகளும்

இதற்கு மேடை கிடைப்பதில்லை. நாடா வெட்டித் திறக்க ஒரு கட்டடம் இல்லாததால் படம் எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. 1988இல் தொடங்கப்பட்ட உற்பத்தி விரிவாக்கக் கூட்டமைப்பு, ஐம்பது மாநிலங்களிலும் மையங்கள் வைத்து, சிறிய ஆலைகளுக்குப் பொறியியல் ஆலோசனை, தரச் சான்று, புதிய சந்தை தேடல் ஆகியவற்றில் உதவுகிறது. இத்தகைய நேரடிச் சேவை, வரிச்சலுகையோடு ஒப்பிடும்போது ஒரு வேலைக்கு ஆகும் செலவில் சிறு பங்கில் முடிகிறது என்பது மிச்சிகனின் அப்ஜான் நிறுவனத்தைச் சேர்ந்த பொருளியலாளர் டிமோதி பார்ட்டிக் நெடுங்காலமாக எடுத்துவைக்கும் வாதம். காரணம் எளிது: புதிதாக ஊருக்கு வரும் பெருநிறுவனம் சலுகை இல்லாவிட்டாலும் எங்கேயாவது ஆலை போட்டிருக்கும், ஏற்கெனவே ஊரில் வேரூன்றிய நாற்பது பேர் ஆலை ஓர் ஆலோசனையால் பிழைத்துக்கொண்டால் அந்த நாற்பது வேலையும் அந்த ஊருக்கே மிஞ்சும்.

பயிற்சியிலும் நல்லதும் பயனற்றதும் உண்டு. வேலை எதுவென்று தெரியாமல் பொதுவாகக் கொடுக்கும் பயிற்சி பெரும்பாலும் பலிக்கவில்லை. குறிப்பிட்ட தொழிலில், ஆள் எடுக்கப்போகும் நிறுவனங்களோடு சேர்ந்து வடிவமைத்த பயிற்சி பலித்திருக்கிறது. மில்வாக்கியில் தொழிற்சங்கங்களும் நிறுவனங்களும் கூட்டாக நடத்திய விஸ்கான்சின் வட்டாரப் பயிற்சிக் கூட்டமைப்பு, சான் அன்டோனியோவின் ப்ராஜெக்ட் குவெஸ்ட் ஆகிய இரண்டிலும், குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய ஆய்வுகள் வருமான உயர்வைக் காட்டின. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: குவெஸ்டில் பயின்றவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது மருத்துவத் துறைக்கு, ஆலைக்கு அல்ல. அதைக் குறையாக நான் கருதவில்லை. ஐம்பது வயதில் வேலை இழந்தவருக்கு வேண்டியது நிலையான வருமானமும் மதிப்பும். அது எஃகு உலையருகிலா, மருத்துவமனை ஆய்வகத்திலா என்பது அவர் முடிவு.

இந்த வழியின் பலவீனமும் தெளிவானது. பயிற்சி தானாக வேலையை உருவாக்காது. ஊரில் ஆள் எடுப்போரே இல்லாவிட்டால் பயிற்சி பெற்றவர் ஊரைவிட்டுப் போக வேண்டும். அப்போது பள்ளத்தாக்கு மேலும் காலியாகும். ஆகவே இது தனித்து நிற்கக்கூடிய வழி இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

மூன்றையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கும்போது, செலவில் மூன்றாம் வழி மிக மலிவு, பரந்த வரி மிக விலையுயர்ந்தது, மானியம் அது எதற்காக என்பதைப் பொறுத்தது. வேகத்தில் மானியம் முந்துகிறது. இழந்தவரையே சென்றடைவதில் பயிற்சி முந்துகிறது. நிலைத்தன்மையில், வருந்தத்தக்க வகையில், எதுவும் தேறவில்லை: வரி ஒரு கையெழுத்தில் ஏறி இறங்குகிறது, மானியம் ஒரு தேர்தலில் முடங்குகிறது, பயிற்சிக்கான நிதி ஆண்டுதோறும் பேரம் பேசப்படுகிறது.

என் தேர்வு இப்படி அமையும். எல்லா நாடுகளுக்கும் எல்லாப் பொருள்களுக்கும் விதிக்கும் வரியைக் கைவிட்டு, மிகை உற்பத்தி நிரூபணமான சில பொருள்களுக்கு மட்டும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டமாகவே காலவரம்போடு வரி வைக்க வேண்டும். மானியத்தைப் பாதுகாப்புக் காரணம் உள்ள தொழில்களோடு நிறுத்தி, ஃபாக்ஸ்கான் ஒப்பந்தத்தின் திருத்தத்தில் போல உண்மையில் உருவான வேலைக்கே பணம் என்றும், அல்டியம் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற கூலியே தொடக்கக் கூலி என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி ஒப்பந்தமான உதவியைப் பத்து ஆண்டுகளுக்கு அடுத்த அரசு திரும்பப் பெற முடியாதபடி செய்ய வேண்டும். இரு கட்சிகளின் வாக்கும் இல்லாமல் அந்த உறுதி கிடைக்காது என்பதால், சிப்ஸ் சட்டத்தைப் போல இரு பக்கமும் இசையும் அளவுக்குத் திட்டத்தைச் சுருக்கிக்கொள்வதையும் ஏற்கிறேன். சிறிய திட்டம் நீடித்தால், பெரிய திட்டம் மூன்று ஆண்டுகளில் கலைவதைவிடப் பள்ளத்தாக்குக்கு நன்மை அதிகம்.

இவற்றுக்கெல்லாம் முன் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் போட்டியால் வேலை இழந்தவருக்கு நீட்டித்த உதவித்தொகையும் மறுபயிற்சிச் செலவும் தரும் வணிகச் சீரமைப்பு உதவித் திட்டம் 1962இல் கென்னடி காலத்தில் தொடங்கி, இரு கட்சி ஆட்சிகளிலும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 2022 ஜூலை 1 முதல் அது புதிய விண்ணப்பங்களை ஏற்கும் அதிகாரத்தை இழந்தது; காங்கிரஸ் அதை நீட்டிக்காமல் விட்டுவிட்டது. பெரும் வரிகளும் பெரும் மானியங்களும் பேசப்பட்ட இத்தனை ஆண்டுகளில், வேலை இழந்தவரின் கையில் நேரடியாகச் சேர்ந்த அந்த ஓர் உதவி இல்லாமலே போயிற்று. அதைப் புதுப்பிப்பதோடு, இறக்குமதியால் மட்டுமின்றி அரசின் கொள்கை மாற்றத்தால் வேலை இழந்தவரையும் அதில் சேர்க்க வேண்டும். வரிக்கழிவு நின்றபின் பேட்டரி ஆலையிலிருந்து அனுப்பப்படுவோர் இன்றைய சட்டப்படி எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள்.